ஆங்கிலம் பேசுவித்தலும் எழுதுவித்தலும்

சென்ற ஆண்டில் எம் விடுதி மாணாக்கர் சிலர், சனிக்கிழமைதோறும் அயலிலுள்ள ஒரு பள்ளிக்குச் சென்று எட்டாம் வகுப்புச் சிறார்க்கு ஆங்கிலம் பயிற்றி வந்தோம். தமிழிலக்கியம் பயில்வானுக்கு ஆங்கில வகுப்பில் என்ன அலுவல் என்று நண்பர் நகைத்தனர். யானோ தமிழ்வழிப் பள்ளியினின்று வந்தவன். கல்லூரியில் முதலாண்டு முழுதும் ஆங்கில வகுப்பின் கடைசி வரிசையில் வாய்திறவாது இருந்தவன். அம் மௌனத்தின் துன்பம் இன்னதென அறிவேனாதலின் உடன் சென்றேன்.

முதல் நாள், ஏதேனும் ஒன்றைப்பற்றி ஆங்கிலத்திற் பேசுக என்றேன். ஒருவரும் எழுந்திலர். நெடுநேரங் கழித்து ஒரு சிறுவன் எழுந்து பசுவைப்பற்றிய கட்டுரையை ஒப்பித்தான். மூன்றாம் வாக்கியத்தில் ஒரு சொல் மறந்துபோகவே, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். “உன் வீட்டிற் பசு உண்டா?” என்று ஆங்கிலத்தில் வினவினேன், விடையில்லை. அவன் வீட்டில் இரண்டு பசுக்கள் உள்ளன என்பதைப் பின்னர்த் தமிழிற் கேட்டறிந்தேன்.

பிழை என்னுடையதே. பேசு என்று ஏவினேனன்றிப் பேசுதற்கு ஒரு காரணம் நல்கினேனல்லேன். இக் குறையை ஆராய்ந்தவர் என். எஸ். பிரபு என்னும் பேராசிரியர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை, மொழியாசிரியர் பலரும் அறிந்தது. மாணாக்கன் உள்ளம் பொருளில் ஊன்றியிருக்கும்போதே மொழி அவனுள் அமையும் என்பது அவர் கொள்கை. ஆகவே இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பியாது, விடுவித்தற்குரிய சிறு சிக்கல்களையே வகுப்பில் வைத்தார். அவற்றை மூவகையாக்கினார்: ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியாதிருத்தல், அறிந்தவற்றினின்று அறியாததை உய்த்துணர்தல், தன் கருத்தைத் தானே கூறல். பல வகுப்புகளின் கால அட்டவணைகளைக் கொண்டு ஓர் ஆசிரியரின் அட்டவணையை அமைத்தல் இரண்டாம் வகைக்கு அவர் காட்டும் உதாரணம்.

அடுத்த சனிக்கிழமை யான் முதல் வகையைக் கைக்கொண்டேன். ரயில் அட்டவணை ஒன்றை இரண்டாகப் பிரித்து, புறப்படும் நேரங்களை ஒருவனிடமும், சேரும் நேரங்களையும் கட்டணத்தையும் மற்றவனிடமும் கொடுத்தேன். ஒருவன் தாளை மற்றவன் காணாவாறு முதுகோடு முதுகாக அமர்த்தி, கையில் நூறு ரூபாயுடையவன் இருட்டுமுன் ஊர்சேர எவ்வண்டியில் ஏறல் வேண்டும் என்று கேட்டேன். வகுப்பு இரைச்சலாயிற்று. “டிரெயின் வென் கோ?” என்றான் ஒருவன். இலக்கணத்தின்படி அது வாக்கியமன்று; ஆயினும் விடை வேண்டிக் கேட்ட வினா அது. யான் அதனைத் திருத்தமாக ஒருமுறை சொல்லி அப்பாற் சென்றேன்.

இம் முறைக்கு ஓர் இடர் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. சிறிது நேரத்திற்குள் இருவரும் தமிழுக்குத் திரும்பிவிடுவர். பிரபு குழுப்பயிற்சியை விரும்பாமைக்குக் காரணம் வேறு: ஒருவர் பிழையை மற்றவர் பற்றிக்கொள்வர் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் எனக்குப் பவணந்தியார் பக்கமே மனம் சாய்கின்றது. ஆசிரியர்பாற் செவ்வனே கேட்டவனுக்கும் காற்பங்கே கைகூடும். உடன்பயில்வாரொடு பழகலால் இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு என்பது நன்னூற் பாயிரத்தின் கணக்கு. ஆகவே கூடி ஆலோசித்தல் தமிழிலும், முடிவை அடுத்த குழுவிற்கு உரைத்தல் ஆங்கிலத்திலும் ஆகுக என்று வகுத்தேன். ஒரே செய்தியை ஒருவனிடம் நான்கு நிமிடத்தில், மற்றொருவனிடம் மூன்றில், வேறொருவனிடம் இரண்டில் உரைக்கச் செய்தலும் ஆசிரியர் பலர் கையாளும் பயிற்சியே. மூன்றாம் முறை உரைக்கையில் நாத் தடுமாற்றம் குறைதலை யானே கண்டேன்.

எழுதுதலும் இவ்வாறே. கனடாவிற் பிரெஞ்சு மொழிவாயிலாகப் பயின்ற ஆங்கிலச் சிறார், கேட்டுணர்தலில் மிகத் தேர்ந்தும் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கினர் என்பதை 1985-ல் மெரில் ஸ்வெயின் எடுத்துக்காட்டினார். தானே சொல்ல முயலும்போதன்றோ தன்னிடம் இல்லாத சொல் எது என்பது புலனாகும்! இதற்கு ஏற்ற பயிற்சி ஒன்றை ஆஸ்திரேலிய ஆசிரியை ரூத் வைன்ரிப் 1990-ல் ஒரு நூலாகவே விரித்தெழுதினார். ஆசிரியர் ஒரு சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இருமுறை படிப்பார். மாணாக்கர் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, பின்னர்க் குழுவாகக் கூடிப் பத்தியைத் தம் சொற்களால் மீள அமைப்பர். சொல்வதெழுதுதல் போன்றதன்று இது. காது மட்டும் போதாது. ‘கோ’வா ‘வென்ட்’டா என்று இருவர் அரைமணி வழக்காடினர். இறந்தகாலத்தைப்பற்றி யான் அதுவரை ஆற்றிய விரிவுரைகள் எவையும் அவ்வளவு பயன் தந்ததில்லை.

ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை, முன்பு பசுக்கட்டுரை ஒப்பித்த சிறுவன் தன் வீட்டுப் பசுக்களைப்பற்றி ஐந்து வரி எழுதினான். மூன்றாம் வரியில் எழுதுகோல் நின்றது. நிமிர்ந்து, ‘கன்று ஈன்றது’ என்பதற்கு ஆங்கிலம் யாது என்று என்னைக் கேட்டான். யான் சொல்லுமுன், பக்கத்திலிருந்தவன் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னான். தவறுதான். இருவரும் அதனை அடித்துவிட்டு வேறொன்று எழுதத் தொடங்கினர்.