சயந்தன் செய்த தப்பு என்ன?

ஓம் சரவணபவ!

"நான் யாருக்கும் கெடுதல் பண்ணல, எனக்கு ஏன் இந்தத் தண்டனை?" என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். உடனே பக்கத்தில் ஒருத்தர், "எல்லாம் முன்வினை" என்று முடித்துவிடுவார். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கந்தபுராணத்துச் சயந்தன்தான் ஞாபகத்துக்கு வருவான்.

*யார் இந்தச் சயந்தன்?*

இந்திரனின் மகன். சூரபத்மனுக்குப் பயந்து இந்திரனும் இந்திராணியும் சீர்காழியில் மறைந்து வாழ்ந்தார்கள். இந்திரன் இல்லாத நேரத்தில் சூரனின் தங்கை அசமுகி வந்து, இந்திராணியை அண்ணனுக்காக இழுத்துப் போகப் பார்த்தாள். ஐயனார் காவலுக்கு வைத்த மாகாளர் அவள் கையை வெட்டினார். அவள் சூரனிடம் போய் அழுதாள்.

சூரனுக்கு வந்த கோபம் யார் மேல் விழுந்தது? அவன் மகன் பானுகோபன் விண்ணுலகத்துக்குப் போனான். அங்கே இந்திரன் இல்லை, சயந்தன் இருந்தான். எதிர்த்துப் போரிட்டுத் தோற்றான். அவனையும் தேவர்களையும் பிடித்து வந்து வீரமகேந்திரபுரத்துச் சிறையில் அடைத்தார்கள்.

சீர்காழியில் நடந்த எதிலும் சயந்தனுக்குப் பங்கில்லை. அவன் அந்த இடத்திலேயே இல்லை!

*முருகன் என்ன செய்தார்?*

சிறையில் சயந்தன் புலம்புகிறான். அந்தப் புலம்பலுக்குக் கச்சியப்பர் ஒரு தனிப் படலமே கொடுத்திருக்கிறார். அடுத்த படலத்தில் முருகப்பெருமான் அவன் கனவில் வந்து தைரியம் சொல்கிறார். அதற்கடுத்து வீரவாகு தேவர் நேரில் போய்த் தேற்றுகிறார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தூதுவராக வந்த வீரவாகு, சூரனின் சபைக்குப் போவதற்கு முன்னாடி சிறைக்குத்தான் போகிறார். பிறகு சபையில் நின்று, தேவர்களை விடுதலை செய் என்று கேட்கிறார். சூரன் மறுத்ததால்தான் போர். யுத்த காண்டத்தின் முடிவில் எல்லோருக்கும் மீட்சி.

*காரணம் எப்போது வருகிறது?*

நாங்கள் ஏன் இப்படித் துன்பப்பட்டோம் என்று சயந்தன் தேவகுருவிடம் கேட்கிறான். சிவனை மதிக்காத தக்கனின் வேள்விக்குத் தேவர்கள் போனதுதான் காரணம் என்று குரு விளக்குகிறார். அதுதான் தக்க காண்டம், 6 காண்டங்களில் கடைசி.

வரிசையைப் பாருங்க. 3-வது காண்டத்தில் ஆறுதல். 4-வதில் விடுதலை. 6-வதில்தான் காரணம், அதுவும் அவனே கேட்ட பிறகு. சிறைக்குள் அழுதவனிடம் முருகன் கணக்குக் கேட்கவில்லை.

*நமக்கு என்ன பாடம்?*

செய்யாத தப்புக்குப் பழி சுமக்கும் ஒரு நண்பர் உங்களுக்கும் இருக்கலாம். அவரிடம் போய் 6-வது காண்டத்தை முதலில் ஆரம்பிக்காதீங்க. வீரவாகு மாதிரி முதலில் நேரில் போய்ப் பாருங்க. பிறகு பேச வேண்டிய சபையில் அவருக்காகப் பேசுங்க.

பழி சுமப்பது நீங்களே என்றால், அழுவது பக்திக் குறைவு இல்லை. கனவில் முருகன் வந்த மறுநாளே சயந்தனுக்குச் சிறைக் கதவு திறந்துவிடவில்லை. ஆனால் வேல் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டு அவன் காத்திருந்தான். நாமும் காத்திருப்போம்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!