பிழைக்கு இடந்தராத வானொலிக் கருவி

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூருக்கு அண்மையில் விழிஞ்ஞம், பூவாறு முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. பாறசாலையைக் கடந்தால் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இக்கடற்பரப்பில் வீசியபோது, கரையிலிருந்து விடுக்கப்பட்ட எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்த பல படகுகளை எட்டவில்லை. இரு மாவட்டங்களையும் சேர்ந்த மீனவர் பலர் வீடு திரும்பவில்லை. செய்தித் தொடர்பு அறுபடுவதன் விலை என்ன என்பதை இப்பகுதி மக்கள் அறிவார்கள்.

பேரிடரின்போது கரையில் தொலைபேசியும் மின்சாரமும் செயலற்றுப் போகும் நிலையில் துணை நிற்பவற்றுள் அமெச்சூர் வானொலியும் ஒன்று. அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றோர், வாணிப நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவெண்களில் நடத்தும் பணி இது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் குழுவினர் தம் நிலையத்தின் வழியே அவசரச் செய்திகளை அனுப்பினர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது கேரளத்து அமெச்சூர் வானொலியாளர்களும் இப்பணியில் ஈடுபட்டனர்.

இத்தகைய வேளையில் கருவியை இயக்குபவர் பெரும்பாலும் உறக்கமின்றி, மங்கிய வெளிச்சத்தில், அவசரத்தில் இருப்பார். அவர் கை தவறும்போது கருவி பழுதடையுமானால், அந்தப் பகுதியின் கடைசித் தொடர்பும் போய்விடும்.

பிழை யாருடையது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில, தரையிறங்கிய பின்னர்த் தம் சக்கரங்களைத் தாமே மடக்கிக்கொண்டு சேதமுற்றன. தொடக்கத்தில் இது விமானிகளின் கவனக்குறைவு என்றே கருதப்பட்டது. அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலறிஞர் ஆராய்ந்தபோது, சக்கரத்துக்கும் இறக்கை மடலுக்கும் உரிய விசைகள் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தமை தெரியவந்தது. ஒன்றின் நுனியில் சக்கர வடிவமும், மற்றொன்றின் நுனியில் மடல் வடிவமும் பொருத்துவது அவர் கண்ட தீர்வு. கண்ணால் பாராமலே கை வேறுபாட்டை உணர்ந்தது. மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு கருவியை அமைக்கும் முறைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

நான்கு பொதுவான பிழைகள்

முதலாவது, 12 வோல்ட் மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்தல். மின்வழியில் தொடராக ஒரு சிலிக்கான் டையோடை வைத்தால் தலைகீழ் மின்னோட்டம் புகாது. ஆனால் அதில் ஏறத்தாழ 0.7 வோல்ட் இழப்பு உண்டு. 2 ஆம்பியர் இழுக்கும் சிறு கருவிக்கு இவ்விழப்பு 1.4 வாட் மட்டுமே; 20 ஆம்பியர் கருவிக்கோ 14 வாட் வெப்பமாகும். எனவே பெரிய கருவிகளில் ஃப்யூசுக்கு அடுத்து, மின்வழிக்குக் குறுக்கே டையோடை இணைப்பர். முனை மாறினால் ஃப்யூஸ் எரிந்து கருவியைக் காக்கும். தவறாகச் செருகவே முடியாத வடிவில் இணைப்பியை அமைப்பது இவை இரண்டினும் மேலானது.

இரண்டாவது, ஏரியலை இணைக்காமல் ஒலிபரப்புதல். வெளியேற வழியற்ற ஆற்றல் திரும்பி வந்து இறுதிக்கட்ட டிரான்சிஸ்டரை அழிக்கக்கூடும். திரும்பும் ஆற்றலை அளந்து, அது வரம்பை மீறும்போது ஒலிபரப்பாற்றலைத் தானே குறைக்கும் சுற்று இதற்குத் தீர்வாகும்.

மூன்றாவது, பேச்சுப் பொத்தான் அழுந்தியபடியே கிடத்தல். ஓர் அலைவெண்ணில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலுமாதலால், ஒருவர் பொத்தான் சிக்கிக்கொண்டால் அனைவர் பேச்சும் தடைப்படும். 555 என்னும் காலக்கணிப்புச் சில்லு இதைத் தடுக்கும். மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி, மேலும் 1.1-ஆல் பெருக்கினால் அதன் கால அளவு கிடைக்கும். 10 லட்சம் ஓம், 150 மைக்ரோஃபாரட் எனில் 165 விநாடி. அதன்பின் ஒலிபரப்பு தானே நிற்கும்.

நான்காவது, எல்லை கடந்த அலைவெண்ணில் பேசுதல். இந்தியாவில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் பணிக்கு உரியது. கீழ்ப்பக்கப் பட்டை முறையில் குரல், கருவி காட்டும் எண்ணுக்குக் கீழே சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பரவுகிறது. கருவி 7.000 எனக் காட்டும்போது எண் சரியாகத் தோன்றினாலும் குரல் எல்லைக்கு வெளியே செல்கிறது. எனவே இம்முறையில் 7.003-க்குக் கீழே ஒலிபரப்பு நிகழாதவாறு கருவியிலேயே தடை அமைக்க வேண்டும்.

உயிர்காப்பு

வால்வுப் பெருக்கிகளில் பிழையின் விளைவு உயிரிழப்பாகவும் இருக்கலாம். 1,000 வோல்ட்டில் உள்ள 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 50 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது அங்கேயே இருக்கும். குறுக்கே 1 லட்சம் ஓம் மின்தடை இருப்பின் 50 விநாடியில் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மின்தடை இயங்கும்போது 10 வாட் வெப்பம் தருமாதலால் அதைத் தாங்கும் வலுவுடையதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூடியைத் திறந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையும் தேவை. மின்தடை பழுதாகியிருக்கவும் கூடும் என்பதால், தொடுமுன் அளந்து பார்ப்பது கட்டாயமாகும்.

மாணவரும் அலுவலரும் செய்யத்தக்கவை

ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து அனைவருக்கும் திறந்துவைத்த பிட்எக்ஸ் போன்ற கருவிகளை மாணவர்களே கட்ட இயலும். தாமே கட்டும் கருவியில், மேற்கூறிய காப்புகளுள் எவை ஏற்கெனவே உள்ளன, எவற்றைச் சேர்க்க வேண்டும் எனப் பட்டியலிடுவது முதற்பாடமாகும். கட்டியவருக்கு அதன் குறைகள் பழகிப்போயிருக்கும். ஆதலால் உரிமம் பெற்ற, ஆனால் அக்கருவியை முன்பின் கண்டிராத ஒருவரிடம் அதைக் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேரிடர்ப் பணிக்குக் கருவி வாங்கும் அலுவலர்கள், அது எத்தனை வாட் ஆற்றலுடையது என்று கேட்பதோடு அமையாது, முனை மாறினால் என்ன ஆகும், ஏரியல் கழன்றால் என்ன ஆகும், பொத்தான் சிக்கினால் என்ன ஆகும் என்றும் கேட்டறிதல் வேண்டும். புயல் வரும் நாளில் பயன்படப்போவது இவ்வினாக்களுக்குச் சரியான விடை தரும் கருவியே.