மலிவான இறக்குமதிப் பொருளா, உள்ளூர்க் கைவினைப் பொருளா?



"உள்ளூர்ப் பொருட்களை வாங்குவதன் முக்கியத்துவத்தை விளக்குக" என்ற வகையான வினாக்கள் வணிகக் கல்வியில் மட்டுமன்றித் தமிழ்மொழிக் கட்டுரைப் பகுதியிலும் வரக்கூடியவை. பெரும்பாலான மாணவர்கள் "நாட்டுப்பற்றுடன் உள்ளூர்ப் பொருட்களையே வாங்க வேண்டும்" என்று எழுதி முடித்துவிடுகின்றனர். அதில் உணர்ச்சி இருக்கிறதே தவிர விளக்கம் இல்லை. புள்ளி கிடைப்பது விளக்கத்துக்கே. ஆகவே ஒரேயொரு பொருளை எடுத்து ஆராய்வோம். அது கைத்தறிச் சாரம்.

அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்கு அருகேயுள்ள மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராகும். 1977 இற்கு முன்னர் இலங்கையில் இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. வெளிநாட்டுத் துணி அரிதாகையால் கைத்தறித் துணிக்கு நல்ல கேள்வி நிலவியது. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை அறிமுகமானதும் விசைத்தறியில் நெய்யப்பட்ட மலிவான துணிகள் சந்தைக்கு வந்தன. பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி இக்கரையோரத்தைத் தாக்கியபோது வீடுகளோடு தறிகளும் அழிந்தன. இவற்றையெல்லாம் தாண்டியும் அங்கு நெசவு தொடர்கின்றது.

விசைத்தறித் துணி ஏன் மலிவு? நெசவாளி தறியில் அமர்ந்து காலால் மிதித்து, கையால் நாடாவை ஓடவிட்டு, ஒவ்வோர் ஊடை நூலாகச் சேர்க்கின்றார். அதற்கு முன் பாவு ஓடுவதற்கும் நூலுக்குச் சாயமேற்றுவதற்கும் நாட்கள் செல்லும். விசைத்தறிச் சாலையிலோ ஒரு தொழிலாளி பல தறிகளைக் கவனிப்பார். கட்டடம், இயந்திரம் போன்றவற்றின் நிலையான கிரயம் இலட்சக்கணக்கான மீற்றர் துணியின்மீது பரவிவிடும். ஆகவே ஓர் அலகுக்கான கிரயம் குறைகின்றது. விடையில் "பாரிய அளவு உற்பத்தியின் சிக்கனங்கள்" என்று குறிப்பிட வேண்டிய இடம் இதுதான். "வெளிநாட்டுப் பொருள் தரமற்றது, அதனால் மலிவு" என்று எழுத வேண்டாம். எல்லா வேளையிலும் அது உண்மையன்று.

இனி ஒரு கணக்கு. பின்வரும் தொகைகள் விளங்கிக்கொள்வதற்காக நாம் கற்பனையாக எடுத்துக்கொண்டவை. கைத்தறிச் சாரம் ஒன்றின் விலை 2,500 ரூபா. அதில் நூலுக்கும் சாயத்துக்கும் 1,000 ரூபா. மிகுதி 1,500 ரூபா நெசவுக் கூலி, ஏனைய செலவுகள், இலாபம் என்பன. இறக்குமதிச் சாரத்தின் விலை 1,000 ரூபா. அதில் 650 ரூபா வெளிநாட்டு விநியோகத்தருக்குச் செல்ல, 350 ரூபா தீர்வையாகவும் போக்குவரத்தாகவும் கடைக்காரரின் இலாபமாகவும் நாட்டுக்குள் தங்குகின்றது.

இங்குதான் பலரும் கவனிக்காத ஒன்று உள்ளது. கைத்தறிக்கான நூலும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. அவை முழுவதும் இறக்குமதி எனக் கொண்டால், ஒரு கைத்தறிச் சாரத்துக்கு 1,000 ரூபா பெறுமதியான அந்நியச் செலாவணி வெளியே போகின்றது. இறக்குமதிச் சாரத்துக்குப் போவதோ 650 ரூபாதான்! அப்படியானால் கைத்தறி நாட்டுக்கு நட்டமா? அவசரப்பட வேண்டாம். பாவனைக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இறக்குமதிச் சாரம் ஒரு வருடமும் கைத்தறிச் சாரம் மூன்று வருடங்களும் உழைக்குமெனக் கொள்வோம். மூன்று வருடங்களுக்கு மூன்று இறக்குமதிச் சாரங்கள் தேவை. செலவு 3,000 ரூபா. வெளியே செல்வது 1,950 ரூபா. கைத்தறி என்றால் செலவு 2,500 ரூபா. வெளியே செல்வது 1,000 ரூபா. வாங்குபவருக்கும் நாட்டுக்கும் இலாபம். ஆனால் கைத்தறிச் சாரம் இரண்டு வருடங்களே உழைத்தால்? வாங்குபவர் 2,000 ரூபாவுக்குப் பதிலாக 2,500 ரூபா கொடுக்கின்றார். நாடோ 1,300 ரூபாவுக்குப் பதிலாக 1,000 ரூபாவையே வெளியே அனுப்புகின்றது. நாட்டின் நன்மையும் நுகர்வோரின் நன்மையும் பிரிகின்ற இடம் இது. உயர்ந்த விடை எழுதும் மாணவர் இந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நாட்கூலியில் வாழும் ஒரு தந்தையின் கையில் அன்று இருப்பது 1,000 ரூபா மட்டுமே என்றால், மூன்று வருடக் கணக்கு அவருக்கு உதவாது. கடன்பட்டு 2,500 ரூபாவுக்கு வாங்கினால், மேலதிகமான 1,500 ரூபாவால் வாங்கியிருக்கக்கூடிய பிள்ளையின் அப்பியாசக் கொப்பிகளே அவர் இழக்கும் அமையச் செலவாகும். அவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று எழுதுவது நியாயமும் அல்ல, பொருளியலும் அல்ல. மறுபுறத்தில், நெசவாளியின் பிள்ளைக்கும் கொப்பி வேண்டும். அது கூலியிலிருந்தே வர வேண்டும்.

அப்படியானால் இறக்குமதித் தீர்வையைக் கூட்டிவிட்டால் போதுமா? துணிக்குத் தீர்வை கூடினால் கைத்தறிக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் நாம் மேலே கண்ட தந்தைக்குச் சாரத்தின் விலை உயரும். நூலுக்கும் தீர்வை கூடினால் நெசவாளியே பாதிக்கப்படுவார். 2022 இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவ்வருட மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதித் துணியின் விலை ஏறியதால் கைத்தறிக்கு வாய்ப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் நூலுக்கும் சாயத்துக்கும் கொடுக்க வேண்டியதும் டொலர்தான். பனையோலைப் பெட்டி போன்றவற்றுக்கு மூலப்பொருள் பெருமளவு உள்ளூரிலேயே கிடைப்பதால் இச்சிக்கல் குறைவு. விடையில் இவ்வேறுபாட்டை ஒரு வசனத்தில் குறிப்பிட்டாலே போதும்.

கடையில் "கைத்தறி" என்று சொல்லப்படுவதெல்லாம் கைத்தறியல்ல. கோடுகளின் நிறம் மறுபுறத்தில் மங்கியிருந்தால் அது பெரும்பாலும் அச்சிட்ட துணி. இருபுறமும் ஒரே நிறமாயின் சாயநூலால் நெய்யப்பட்டது எனலாம். ஆயினும் விசைத்தறியிலும் அவ்வாறு நெய்ய முடியும். கைநெசவில் இழைகளின் நெருக்கம் சிறிது கூடிக்குறைந்து காணப்படும்.

பயிற்சி வினா

மேலுள்ள கணக்கில் கைத்தறிச் சாரம் குறைந்தபட்சம் எத்தனை வருடங்கள் உழைத்தால் வாங்குபவருக்கு நட்டமேற்படாது? நூலில் அரைவாசியை உள்ளூரில் நூற்க முடிந்தால், வெளியே செல்லும் தொகையில் என்ன மாற்றம் ஏற்படும் என்பதையும் விளக்குக. (நூலின் விலை 800 ரூபா, சாயத்தின் விலை 200 ரூபா எனவும், நூற்பதற்கான பஞ்சு இறக்குமதி செய்யப்படுவது எனவும் கொள்க.)