தோட்டப் பெண்களின் நலம்: நம்பகமான தகவல் எங்கே?

கேள்வி: புசல்லாவையில் தோட்டப் பெண்களின் ஆரோக்கியத்துக்காக இயங்கும் சிறு அமைப்பில் வேலை செய்கிறேன். திட்ட அறிக்கை எழுத நம்பகமான தகவல்களை இணையத்தில் இலவசமாகப் பெற முடியுமா? (ஒரு வாசகி, கண்டி மாவட்டம்)

பதில்: தாராளமாக, தங்கச்சி! கொழும்புக்கு பஸ் ஏறவே வேண்டாம். முதலில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தளத்துக்குப் போங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே கணக்குச் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7. அறிக்கையின் முதல் பக்கத்துக்கு இந்த ஒரு வரி போதும்.

பெண்கள் மீதான வன்முறைக்கு அதே திணைக்களத்தின் 2019 ஆய்வைப் பாருங்கள். கணவனாலோ துணைவனாலோ உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஐந்தில் ஒருவர். தாய்சேய் நலத்துக்குக் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வருடாந்த அறிக்கைகள் உண்டு. உலக நிலவரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐரிஸ்' களஞ்சியம், காசில்லை.

உங்கள் டிவிஷன் நிலவரம் மட்டும் கூகுளுக்குத் தெரியாது; குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். அவரிடம் நேரில் பேசுங்கள். உதவி தேடும் பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கத்தையும் சொல்லிவையுங்கள்.