பரிசும் பல்கலைக்கழகமும்: தொடர்பை அளந்தறியும் முறை

ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையைக் கூறுமிடத்து, நோபல் பரிசு பெற்றோர் இத்தனை பேர் அதனுடன் தொடர்புடையவர் என்று எண்ணிக்கை காட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆனால் ‘தொடர்பு’ என்னும் சொல் பல பொருள் தருவது. அங்குப் பயின்றவர், பயிற்றுவித்தவர், தங்கி ஆராய்ந்தவர், ஒரு நாள் வந்து சொற்பொழிவாற்றியவர் ஆகிய அனைவரும் அச்சொல்லுள் அடங்கிவிடுவர். ஆகவே எண்ணிக்கையைக் காட்டிலும் தொடர்பின் தன்மையை ஆராய்வதே பயனுடையது. புனே நகரில் ஔந்த் பகுதியை அடுத்துள்ள கணேஷ்கிண்ட் இதற்குத் தக்க உதாரணமாகும்.

1. இடத்தால் வரும் தொடர்பு

புனே பல்கலைக்கழகம் 1949-ஆம் ஆண்டு தோன்றியது. 2014-இல் அதற்குச் சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் எனப் பெயர் சூட்டப்பெற்றது. அதன் வளாகத்தில், வானியலுக்கும் வானியற்பௌதிகத்திற்குமான பல்கலைக்கழகங்களிடை மையம் அமைந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 1988-இல் நிறுவிய இம்மையத்தின் முதல் இயக்குநர் ஜயந்த் நார்லிகர் ஆவார். மக்களிடையே விஞ்ஞானத்தைப் பரப்பியமைக்காக 1996-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ கலிங்கப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இம்மையம் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானது, தன்னாட்சி உடையது, புனே பல்கலைக்கழகத்தின் துறைகளுள் ஒன்றன்று. ஒரே வளாகத்தில் இருப்பதனால் மட்டும் ஒன்றன் சாதனை மற்றொன்றன் சாதனையாகிவிடாது.

2. வருகையால் வரும் தொடர்பு

1992 டிசம்பர் 28-ஆம் நாள் இம்மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-இல் பௌதிக நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் பயின்றது சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும். 1937 முதல் பணியாற்றியது சிகாகோவில். எனவே பயிற்சியால் சென்னையும் கேம்பிரிட்ஜும், பணியால் சிகாகோவும், வருகையால் புனேயும் அவரோடு தொடர்புடையன. மூன்றும் மெய்யே, ஆயினும் மூன்றும் சமமல்ல.

3. உழைப்பால் வரும் தொடர்பு

2017-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தார்ன் ஆகிய மூவருக்கு, ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்தமைக்காக வழங்கப்பெற்றது. அம்மூவருள் எவரும் புனேயில் பயின்றவரல்லர். எனினும் இங்குள்ள தொடர்பு மேற்கூறிய இரண்டினும் ஆழமானது.

அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகளின் கரம் ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளமுடையது. அலை கடக்கும்போது அக்கரத்தில் உண்டாகும் மாற்றம் புரோட்டானின் விட்டத்தினும் மிகச் சிறியது. கருவியின் இரைச்சலோ இடைவிடாதது. திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்திடையே ஒலிக்கும் நாதஸ்வரத்தை, ராகத்தை முன்பே அறிந்தவன் எளிதில் இனங்காண்பான். அதுபோல, வரக்கூடிய அலைகளின் வடிவங்களை முன்னரே கணித்து வைத்துக்கொண்டு, பதிவான அளவீடுகளோடு அவற்றை ஒப்பிட வேண்டும். எத்தனை வடிவங்கள் வேண்டும், அவற்றை எவ்விடைவெளியில் அமைக்கவேண்டும் என்பதற்கு வழிகாட்டிய கட்டுரையைப் புனேயில் சஞ்சீவ் துரந்தரும் பி. எஸ். சத்தியப்பிரகாஷும் 1991-இல் வெளியிட்டனர்.

2015 செப்டம்பர் 14-ஆம் நாள் முதல் அலை பதிவாயிற்று. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுடைய இரு கருந்துளைகள் ஒன்றியதால் எழுந்த அலை அது. வடிவங்களோடு ஒப்பிடும் முறை அதனை உறுதிசெய்ய உதவிற்று. 1991 முதல் 2015 வரை 24 ஆண்டுகள், பரிசு வருமென்ற உறுதி ஏதுமின்றி அவ்வுழைப்பு காத்திருந்தது.

நோபல் விதிகளின்படி ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர இயலாது. கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையிலோ ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் ஆசிரியர்களாக உள்ளனர். புனே மையத்தினரும் அவர்களுள் அடங்குவர். ஆகவே, “புனேக்கு நோபல் பரிசு கிடைத்தது” என்பது பிழை. “புனேக்கு அதில் பங்கில்லை” என்பதும் அதே அளவு பிழை.

4. பாடத்தின் பயன்

களப்பணியாளருக்கு இவ்வுண்மை புதிதன்று. மழையளவையோ பயிர் விளைச்சலையோ பலர் நாள்தோறும் குறித்து வைக்கின்றனர். அறிக்கையின் முகப்பில் ஓரிருவர் பெயரே இடம்பெறுகிறது. அக்குறிப்புகள் பிழையாயின் அறிக்கையும் பிழையாகும். ஆசிரியர்கள் மாணாக்கருக்குப் பரிசாளரின் பெயரைக் கற்பிக்கும்போது, அப்பரிசுக்கு அடித்தளமிட்ட உழைப்பையும் சேர்த்துக் கற்பிப்பது கடமையாகும். பெயரை மட்டும் கற்ற மாணவன் பரிசை வியப்பான். உழைப்பையும் கற்றவன் ஆராய்ச்சியில் தனக்கும் இடமுண்டு என உணர்வான்.

பயிற்சி வினாக்கள்

1. இடம், வருகை, உழைப்பு ஆகிய மூவகைத் தொடர்புகளை உதாரணத்துடன் வேறுபடுத்துக.

2. அலை வடிவங்களை முன்கூட்டியே கணிக்கவேண்டுவது ஏன்?

3. தமது பள்ளி அல்லது அலுவலகத்தின் ஆண்டறிக்கை ஒன்றை எடுத்து, அதில் பெயர் குறிக்கப்படாத உழைப்பாளர்களின் பணிகளை மாணாக்கர் பட்டியலிடுக.