குழந்தைகள் கையால் ஒரு வெட்டிவேர் முடிப்பு

கேள்வி: ஏழெட்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு, பிறருக்குப் பயன்படும் எளிய பரிசு எதைச் செய்யலாம்?

பதில்: வெட்டிவேர் முடிப்பு மிகவும் பொருத்தமானது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெட்டிவேரை, அதாவது ஒருவகைப் புல்லின் நறுமண வேரை, மண் போகும்வரை அலசி, நிழலில் உலர்த்தி, விரல் நீளத்துக்கு நறுக்கி, துவைத்த பழைய வேட்டியில் கைக்குட்டையளவு வெட்டிய துண்டில் ஒரு சிறு பிடி வைத்து நூலால் இறுகக் கட்டினால், துணி அலமாரியில் வைக்கவோ மண்பானைத் தண்ணீரில் போடவோ ஏற்ற பரிசு ஆயத்தமாகிறது. நறுக்குவது பெரியவர்களின் வேலை. கட்டுவதைக் குழந்தையிடமே விட வேண்டும், முடிச்சு கோணலாக விழுந்தாலும் அதை அவிழ்த்துத் திருத்தலாகாது, ஏனெனில் பரிசின் உயிரே அந்தப் பிஞ்சுக் கையின் உழைப்பில்தான் உள்ளது. ஈரம் காயாத வேரில் பூஞ்சணம் பிடிக்குமாதலால் மழைநாட்களில் இதைச் செய்வதைத் தவிர்க்கலாம். பானைக்கான முடிப்புக்குச் சாயத்துணி கூடவே கூடாது.