வழிச்செலவு யார் கணக்கு?

நம்பிக்கை: வேலை செய்த நேரத்துக்குத்தான் காசு. வழியில் போன நேரத்துக்கு யாரும் கொடுப்பதில்லை.

கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வெளியூருக்கு டாக்சி பேசினால், வண்டி காலியாகத் திரும்பும் கிலோமீட்டருக்கும் சேர்த்தே கணக்கு. டிரைவர் பேட்டா தனி. கல்யாணத்துக்கு நாதஸ்வர செட் பேசும்போது வண்டிச் செலவையும் பேசி முடித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறோம். அரசு ஊழியர் வெளியூர் முகாமுக்குப் போனால் பயணப்படி உண்டு. இங்கெல்லாம் முகம் சுளிக்காதவர்கள், ஏசி மெக்கானிக் விசிட்டிங் சார்ஜ் கேட்டால் மட்டும் “அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?” என்கிறார்கள்.

அவருடைய ஒரு நாளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 4 வீடு, வீட்டுக்கு 1 மணி நேர வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர 45 நிமிடம், கடைசி வீட்டிலிருந்து திரும்ப 1 மணி நேரம். மொத்தம் 8 மணி நேரம் ஓடிவிட்டது. ஸ்பேனரைப் பிடித்தது 4 மணி நேரம்தான். வீட்டுக்கு 500 ரூபாய் வாங்கினால் நாளுக்கு 2,000. பார்க்கிறவர் கண்ணுக்கு அது மணிக்கு 500. அவர் கைக்கு வருவது மணிக்கு 250, அதிலும் பெட்ரோல் போக. இதை அவர் இரண்டு வழியில் ஈடுகட்டலாம். கூலியிலேயே சேர்த்துப் போடலாம், அல்லது விசிட்டிங் சார்ஜ் என்று தனியாகக் கேட்கலாம். கூலியில் கரைத்துவிட்டால் கேள்வி வராது; ஆனால் அம்பத்தூரில் இருக்கும் மெக்கானிக் தாம்பரம் போய்வரும் செலவில் ஒரு பங்கை அவருடைய பக்கத்துத் தெருக்காரர் சுமக்கிறார். தனியாகக் கேட்பதுதான் நியாயம் என்பது என் கட்சி. எரிச்சல் வந்தாலும், எதற்குக் கொடுக்கிறோம் என்பதாவது தெரிகிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். தனக்குத்தானே முதலாளியாக இருப்பவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் துணைக்கு வராது. அவருக்கு இருப்பதெல்லாம் பேச்சுதான். கொட்டேஷனில் எழுதாத வழிச்செலவை வேலை முடிந்த பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

நம்பிக்கை: பில்லில் பயணச் செலவைத் தனி வரியாகப் போட்டால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது.

உண்டு. ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் தன் வேலைக்காகச் செய்த போக்குவரத்துச் செலவை வாடிக்கையாளரிடம் வசூலித்தால், அதுவும் அந்த வேலையின் மதிப்போடு சேர்ந்துதான் வரிக்கு வரும். பயண ஏற்பாட்டை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வது என்று ஆரம்பத்திலேயே ஒப்பந்தம் பேசியிருந்தால், அந்தச் செலவு பில்லுக்குள்ளேயே வராது.

நம்பிக்கை: வெளிநாடுகளில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே சம்பளம் ஓடும்.

இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது 2015 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன டைகோ தீர்ப்பை. ஸ்பெயினில் திருட்டுத் தடுப்புக் கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் நிறுவனம் டைகோ. 2011இல் தன் வட்டார அலுவலகங்களை மூடிவிட்டது. அதுவரை டெக்னீஷியன்கள் காலையில் அலுவலகத்துக்கு வந்து வண்டியை எடுக்கும்போதே நாள் கணக்கு தொடங்கும். மூடிய பிறகு வண்டி அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. மறுநாள் எந்தெந்த இடம் என்ற பட்டியல் முந்தின நாள் மாலை செல்பேசிக்கு வரும். முதல் வாடிக்கையாளர் சில நாள் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலை நேரம்; அதுவரை ஓட்டியது ஓய்வு நேரம் என்றது நிறுவனம். நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எடுக்கும் ஓய்வு!

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நிலையான பணியிடம் இல்லாத ஊழியருக்கு, வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போவதும் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்புவதும் வேலை நேரமே என்றது. ஆனால் அது வேலை நேர வரம்பு, ஓய்வு பற்றிய தீர்ப்பு. அந்த நேரத்துக்கு என்ன கூலி என்பதை அந்தந்த நாட்டின் சட்டமும் ஒப்பந்தமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. செய்தியாகப் பரவும்போது உதிர்ந்துபோன பகுதி இதுதான். பிரிட்டனில் வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் ஊழியருக்கு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேரும். காலையில் தன் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போகும் நேரம் சேராது.

அமெரிக்கா இதைவிடக் கறார். மிச்சிகனில் மவுன்ட் கிளமென்ஸ் பீங்கான் ஆலையில், வாசலிலிருந்து வேலை மேசைவரை நடக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று 1946இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுவதும் வழக்குகள் குவிந்தன. முதலாளிகள் அலறினார்கள், மறு ஆண்டே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தக் கதவை அடைத்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழக்கமான பயணத்துக்குக் கூலி கொடுக்கும் கடமை அங்கே இன்றுவரை இல்லை. இவ்வளவும் ஊழியர்களுக்கான சட்டம். சுயமாக ஒப்பந்தம் எடுப்பவருக்கு இதில் எங்கும் இடமில்லை.

நம்பிக்கை: “சுயதொழில் செய்பவர்” என்று கையெழுத்து வாங்கியாகிவிட்டது, இனி அவர் எதையும் கேட்க முடியாது.

தாள் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், கட்டணம், நிபந்தனை எல்லாவற்றையும் நிறுவனமே வைத்திருக்கும்போது ஓட்டுநரைத் தனி வியாபாரி என்பது செல்லாது என்றது. பயணி ஏறிய பிறகுதான் வேலை என்ற வாதமும் எடுபடவில்லை. அனுமதி பெற்ற பகுதிக்குள் செயலியைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம் என்றாயிற்று. எங்கே, எப்போது, எந்த விலைக்கு என்பதை யார் முடிவு செய்கிறார் என்று பார்த்தால் பாதி வழக்கு விளங்கிவிடும்.

நம்பிக்கை: வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால் ஈடு உண்டு, அப்படியானால் பயணமும் வேலைதானே?

முதல் பாதி பெரும்பாலும் சரி. சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு தொழிலாளி, ஆலைக்கு 1 கிலோமீட்டர் முன்னால், ஷிப்ட் தொடங்க 15 நிமிடம் இருக்கும்போது அடிபட்டார். அது வேலை சார்ந்த காயம் ஆகாது என்று 1996இல் நம் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2010இல் ஈஎஸ்ஐ சட்டத்தைத் திருத்தி இதைச் சரிசெய்தார்கள். 2025 ஜூலையில், மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் வழியில் இறந்த காவலாளியின் வழக்கில், இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் இத்தகைய விபத்து சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலைக்கும் பயணத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபணமாக வேண்டும். இந்த இரண்டு சட்டங்களும் தருவது காயத்துக்கும் உயிருக்கும் ஈடு. பத்திரமாக வந்து சேர்ந்தவரின் பயண நேரத்துக்கு அவை கூலி தரவில்லை.

நம்பிக்கை: வடக்கிலிருந்து வருபவருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது காண்ட்ராக்டரின் பெருந்தன்மை.

தன்பாத்–ஆலப்புழை ரயிலில் ஏறி திருப்பூரில் இறங்குபவர், வேலைக்காக ஏறக்குறைய இரண்டு நாளைப் பெட்டியில் கழிக்கிறார். அந்த டிக்கெட் காசையும் அட்வான்ஸ் என்று எழுதி முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது உண்டு. இதற்கு 1979லேயே சட்டம் வந்துவிட்டது. காண்ட்ராக்டர் மூலம் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு, சொந்த ஊரிலிருந்து வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் குறையாமல் கட்டணம் கொடுக்க வேண்டியவராக இருந்தார் காண்ட்ராக்டர். அதோடு, அந்தப் பயண நாட்களுக்குப் பணியில் இருந்ததாகவே கருதிக் கூலியும் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரை விட்டு வருவதற்கென்று மாதக் கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது தனிப் படியாக இருந்தது. அதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றும் இருந்தது. அமெரிக்கக்காரர் வாசலிலிருந்து மேசைவரை நடப்பதற்கே மறுத்ததை, நாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு எழுதி வைத்திருந்தோம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த 1979 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சொந்த ஊர் போய்வர ஆண்டுக்கு ஒரு முறை மொத்தத் தொகையாகக் கட்டணம் என்ற ஏற்பாடு அதில் உண்டு, அதுவும் குறைந்தபட்ச காலம் வேலை செய்தவருக்கு. ரயிலில் கழியும் நாட்களுக்குக் கூலி என்ற பேச்சும், ஊர் விட்டு வருவதற்கான தனிப் படியும் அதில் இல்லை. ஆள் பிடிக்கும் காண்ட்ராக்டர்களில் பலருக்கு இந்த மாற்றம் தெரிந்தே இருக்காது. பழைய சட்டப்படி கொடுத்து வந்திருந்தால்தானே வித்தியாசம் தெரிவதற்கு?